தமிழ்வழியில் படித்தவர்களுக்கு: கல்லூரிப் பாடநூலின் ஆங்கிலச் சொற்களைக் கைக்குள் கொண்டுவருவது எப்படி?

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இந்த ஆண்டு மதுரையில் ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர் இடையிடையே தமிழில் சொல்லும்போது எல்லாம் புரிகிறது. ராத்திரி புத்தகத்தை விரித்தால் முதல் பத்தியே நகர மாட்டேன் என்கிறது. உங்கள் நிலைமை இதுதான் என்றால் தொடர்ந்து படியுங்கள். நானும் உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்தவன். பொருளியல் பட்டப்படிப்பின் முதல் ஆண்டு முழுக்க இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டினேன். வழி பிடிபட்ட பிறகு பார்த்தால் செலவு அதிகமில்லை, தினம் அரை மணி நேரம் போதும். எங்கே தொடங்குவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பாடநூலில் வரும் ஆங்கிலச் சொல் உங்களுக்குப் புதிது. அது குறிக்கும் விஷயம் பெரும்பாலும் பழையது. ‘வரையறு’, ‘வருவி’, ‘காரணி’, ‘அணுகுமுறை’, ‘கருதுகோள்’ எல்லாம் பள்ளியிலேயே எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நீங்கள். அந்தத் தமிழை ஆங்கிலத்தோடு முடிச்சுப் போடுவதுதான் இனி உள்ள வேலை.

1. எந்தச் சொல்லில் தடுக்குகிறது என்று பாருங்கள்

அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்திலிருந்து பத்து வரி எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். அகராதியை இன்னும் தொட வேண்டாம்.

பொருளியலில் இப்படி ஒரு வரி வரும்: ‘இஃப் வீ அஸ்யூம் தட் இன்கம் ரிமைன்ஸ் கான்ஸ்டன்ட், டிமாண்ட் வேரீஸ் வித் பிரைஸ்.’ இதில் டிமாண்ட், பிரைஸ் இரண்டும் பாடத்துக்கு உரிய சொற்கள். ஆசிரியர் பலகையில் எழுதி விளக்கிவிடுவார். புத்தகத்திலும் தடித்த எழுத்தில் விளக்கம் இருக்கும். ‘இஃப்’, ‘வித்’ எல்லாம் சின்ன வகுப்பிலேயே தெரிந்தவை. நடுவில் நிற்கிற ‘அஸ்யூம்’, ‘கான்ஸ்டன்ட்’, ‘வேரீஸ்’ இருக்கிறதே, அங்கேதான் மாட்டிக்கொள்வோம். இவற்றை யாரும் விளக்குவதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். வேதியியலோ வணிகவியலோ வரலாறோ, எதைத் திறந்தாலும் இந்த நடுச்சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரு முறை பிடித்துவிட்டால் எல்லாப் பேப்பருக்கும் உதவும்.

இவற்றைப் பிரித்துக் காட்ட இலவசமாக ஒரு கருவி உண்டு. ‘காம்ப்ளீட் லெக்சிகல் டியூட்டர்’ என்ற தளத்தில் ‘வொகாப் புரொஃபைல்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ‘கிளாசிக்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பாடப் பத்தியைத் தட்டச்சு செய்து உள்ளே போட்டால் சொற்களுக்கு நிறம் பூசிக் கொடுத்துவிடும். மிகப் பொதுவான முதல் ஆயிரம் சொற்கள் நீலம், அடுத்த ஆயிரம் பச்சை, நாம் தேடும் நடுச்சொற்கள் மஞ்சள், பாடத்துக்கே உரிய கலைச்சொற்களும் பெயர்களும் சிவப்பு. நீங்கள் பிடிக்க வேண்டியது மஞ்சளை.

நீலத்திலும் பச்சையிலுமே பாதி தெரியவில்லை என்றால் இந்தக் கட்டுரையை ஓரமாக வையுங்கள். முதலில் ஆறு முதல் பத்து வரையுள்ள பள்ளி ஆங்கிலப் பாடநூல்களை ஒரு சுற்று வாசித்துவிட்டு வாருங்கள். அடித்தளம் இல்லாமல் மஞ்சள் சொற்களை மனப்பாடம் செய்தால் ஒரு மாதம் கூடத் தங்காது.

2. சரியான பட்டியலை எடுங்கள்

மஞ்சள் சொற்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. பெயர் ‘அகாடமிக் வேர்டு லிஸ்ட்’. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஆவரில் காக்ஸ்ஹெட் தொகுத்து 2000இல் வெளியிட்டது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளிலிருந்தும் ஏறக்குறைய 35 லட்சம் சொற்கள் அளவுக்கு எழுத்துகளைச் சேர்த்து, எல்லாத் துறையிலும் அடிக்கடி வருபவற்றை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள் (‘அஸ்யூம்’, ‘அஸம்ப்ஷன்’ போல ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை சேர்ந்து ஒரு குடும்பம்). கல்லூரிப் பாடநூலில் நூறு சொல் வாசித்தால் அதில் பத்துச் சொல் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்ததாக இருக்கும்.

பட்டியல் பத்துப் பகுதிகளாக இருக்கிறது. முதல் ஒன்பதில் 60, கடைசியில் 30. அடிக்கடி வருவது முதலில், அரிதாக வருவது கடைசியில். அந்தப் பத்து சதவீதத்தில் மூன்றரைக்கு மேல் முதல் 60 குடும்பங்களிலிருந்தே வந்துவிடும். அதனால் அகரவரிசையில் படிக்காதீர்கள். இணையத்தில் அகரவரிசைப்படியும் கிடைக்கும், அது வேண்டாம். பகுதி பகுதியாக இருப்பதை இறக்கிக்கொள்ளுங்கள். மேலே காட்டிய வரியில் ‘அஸ்யூம்’, ‘இன்கம்’, ‘வேரி’ மூன்றும் முதல் பகுதி. ‘கான்ஸ்டன்ட்’ மூன்றாம் பகுதி. தலைச்சொற்களை மட்டும் எடுத்தால் சில பக்கங்களில் அடங்கிவிடும். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க ஒரு டீ, வடைக் காசுதான் ஆகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘முக்கியமான 3000 ஆங்கிலச் சொற்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்கள் பெரும்பாலும் ஜிஆர்இ தேர்வுக்கானவை. அவற்றில் உள்ள அரிய சொற்களை உங்கள் பாடநூலில் மூன்று வருடமும் சேர்த்துப் பார்த்தாலே அதிகம். பிறகு மேற்படிப்புக்கு வெளிநாடு போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

3. தெரிந்த பாடத்திலிருந்து தொடங்குங்கள்

எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தப் படிதான். இதற்குக் காசே ஆகாது.

உங்கள் பழைய பிளஸ் டூ வினாத்தாளை எடுங்கள். அரசுப் பொதுத்தேர்வு வினாத்தாளில் ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். தேர்வு அறையில் தமிழை மட்டும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்போம். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ‘வரையறு’ இருக்கும் இடத்தில் ‘டிஃபைன்’. ‘சமன்பாட்டை வருவி’ என்றால் ‘டிரைவ்’. வண்டி ஓட்டுகிற ‘டிரைவ்’ அல்ல, ‘டி’யை மெதுவாக்கி ‘ரைவ்’வை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘வேறுபடுத்துக’ என்றால் ‘டிஸ்டிங்குவிஷ்’. ‘நிறுவுக’ என்றால் ‘ப்ரூவ்’ அல்லது ‘ஷோ தட்’. உங்கள் பாடப்பிரிவின் ஐந்தாறு வினாத்தாளை இப்படிப் பார்த்தாலே கேள்விச் சொற்கள் முழுக்கக் கைவசம் வந்துவிடும்.

அடுத்தது பாடநூல். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களைத் தமிழ்நாடு அரசு தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் வெளியிடுகிறது. பாட வரிசை ஒன்றே, படங்களும் ஒன்றே. இரண்டையும் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் நன்றாகப் படித்த ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். விலங்கியலில் செரிமானமோ, பொருளியலில் தேவை விதியோ, எதுவாக இருந்தாலும் சரி. ஆங்கிலவழி நூலில் அதே பாடத்தை ஒரு பத்தி வாசியுங்கள். தடுக்கினால் தமிழ் நூலில் அதே பத்தியைப் பாருங்கள். அகராதி தேடாமலே பொருள் கையில் வந்து நிற்கும். தமிழில் ‘மாறாதிருக்கும் எனக் கொள்வோம்’ என்று பத்து முறை படித்த மூளைக்கு ‘அஸ்யூம்’ என்ற சொல் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். வெறும் பட்டியலிலிருந்து அதே சொல்லை ஏற்ற எவ்வளவோ பாடுபட வேண்டும்.

சில இடங்களில் தமிழும் ஆங்கிலமும் வரிக்கு வரி ஒத்துப்போகாது. அந்த இடத்தில் குழம்பி நிற்க வேண்டாம், அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கும் விடுமுறைதான் இதற்கு நல்ல நேரம். உங்களுக்கு அது கடந்துவிட்டது என்றால் தம்பி, தங்கைக்குச் சொல்லுங்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. நோட்டில் எழுதும் முறை

ஒரு வரிக்கு ஒரு சொல், எதிரே தமிழ்ப் பொருள் என்று எழுதுகிற பழக்கத்தை இதோடு விட்டுவிடுங்கள். ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ‘அஸ்யூம்’ என் நோட்டில் இப்படி இருந்தது:

முதல் வரியில் சொல், அதன் குடும்பம்: அஸ்யூம், அஸ்யூம்டு, அஸ்யூமிங், அஸம்ப்ஷன். அடுத்து, பாடநூலில் வந்த வாக்கியம் அப்படியே, பக்க எண்ணோடு. அதன்கீழ் தமிழ்: ‘எனக் கொள்’. பிறகு, இந்தச் சொல் யாரோடு சேர்ந்து வருகிறது என்பது: ‘அஸ்யூம் தட்’, ‘மேக் அன் அஸம்ப்ஷன்’, ‘அண்டர் தி அஸம்ப்ஷன் தட்’. வேறு பொருள் இருந்தால் ஓரத்தில்: ‘அஸ்யூம் ஆஃபீஸ்’ என்றால் பதவியேற்பது. கடைசி வரி, நானே எழுதிய ஒரு வாக்கியம்.

நான்காவதாகச் சொன்ன சேர்க்கையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பொருள் தெரிந்தும் விடைத்தாளில் தப்பாகிப் போவது அங்கேதான். ‘ரிசர்ச்’ என்றால் ‘கண்டக்ட்’ அல்லது ‘டூ’ வரும், ‘மேக்’ வராது. ‘ரோல்’ என்றால் ‘பிளே’. ‘கன்சிஸ்ட்’டுக்குப் பின்னால் ‘ஆஃப்’ கட்டாயம். ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபவுட்’ கூடவே கூடாது. நம் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போடுகிறார்கள், போடாதீர்கள்.

ஒரே சொல் துறைக்குத் துறை வேறு பொருளில் வருவதும் உண்டு. ‘சிக்னிஃபிகன்ட்’ என்றால் சாதாரணமாக ‘முக்கியமான’. புள்ளியியல் பேப்பரில் அதே சொல், கிடைத்த முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்பதைச் சொல்லும். அதனால்தான் வாக்கியத்தோடு, பக்க எண்ணோடு எழுதச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு நாளில் ஒரு பகுதி முடியும். இரண்டு நாள் திரும்பப் பார்க்க. ஆக இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதி, ஆறு வாரத்தில் முதல் மூன்று பகுதி. இந்த 180 குடும்பங்கள் வசமானாலே பாடநூல் வாசிப்பில் வித்தியாசம் தெரியும்.

5. அகராதி

ஆங்கிலம்–தமிழ் செயலியை மட்டும் நம்பினால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் கிடைக்கும், சேர்க்கை கிடைக்காது. கூகுள் மொழிபெயர்ப்பில் முழுப் பத்தியையும் போட்டு வாசித்தால் பாடம் ஓரளவு புரியும். ஆனால் ஒரு ஆங்கிலச் சொல்கூட உங்களுடையதாகாது. கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட ஆங்கில அகராதியைப் பயன்படுத்துங்கள். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே இணையத்தில் இலவசம். எளிய ஆங்கிலத்தில் விளக்கமும் எடுத்துக்காட்டும் உச்சரிப்பும் தருபவை. ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டுக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் குடும்பத்துக்குள்ளேயே அழுத்தம் இடம் மாறும். ‘அனலைஸ்’ஸில் முதல் அசை, ‘அனாலிசிஸ்’ஸில் இரண்டாவது, ‘அனலிட்டிகல்’லில் மூன்றாவது.

கலைச்சொல்லுக்குத் தமிழ் தேட வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் ‘சொற்குவை’ தளம் இருக்கிறது. பள்ளிப் பாடநூல்களின் பின்பக்கக் கலைச்சொல் பட்டியலும் கைகொடுக்கும்.

அச்சு அகராதி வேண்டுமென்பவர்கள் புதிதாக வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். பழைய புத்தகக் கடையில் விசாரியுங்கள். மீனாட்சியம்மன் கோயில் புதுமண்டபத்தில் இருந்த புத்தகக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போய்ப் பாருங்கள். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது தள்ளுபடி கிடைக்கும். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் 8ஆம் பதிப்பு பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். நம் பட்டியல் சொற்களுக்குப் பக்கத்தில் ‘ஏடபிள்யூ’ என்று சின்னதாகக் குறி போட்டிருப்பார்கள்.

6. நூலகம்: எங்கே, என்ன கொண்டு போவது

ஹாஸ்டலிலோ வீட்டிலோ அமைதியாக உட்கார இடமில்லை என்றால் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023 ஜூலை 15இல் திறந்தது. உள்ளே போய்ப் படிக்கக் கட்டணம் கிடையாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள் என்பதால் நேரத்தோடு போங்கள்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமென்றால் சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம். உறுப்பினர் ஆவதற்குச் சிறு வைப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும். எளிதில் கட்டக்கூடிய தொகைதான். ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு, கல்லூரி அடையாள அட்டை நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்களுக்கு ஆதாரில் ஊர் முகவரிதான் இருக்கும். அதனால் கல்லூரி அலுவலகத்தில், அங்கே படிக்கிறீர்கள் என்று காட்டும் போனஃபைடு சான்றிதழ் ஒன்று வாங்கிச் சென்றால் இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை. போனஃபைடுக்கு விண்ணப்பித்த அன்றே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சேர்க்கை நேரக் கூட்டம் ஓய்ந்த பிறகு கேளுங்கள். தினமும் ஊருக்குப் போய் வருபவர்களுக்கு ஊர்க் கிளை நூலகமே வசதி. ஆனால் அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை.

அகராதிகளை நூலகத்தில் வெளியே தர மாட்டார்கள், அங்கேயே பார்க்க வேண்டும். எனவே வாரம் முழுக்கச் சேர்ந்த சந்தேகங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள்.

7. திரும்பப் பார்ப்பது

எழுதிய சொல்லை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மாதம் கழித்து என்று இடைவெளி விட்டுப் பார்த்தால்தான் நிலைக்கும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று நாம் போட்டுவைக்கும் அட்டைகளைக் காட்டி, இந்தக் கணக்கை நமக்காகப் பார்த்துக்கொள்ளும் செயலி ‘ஆன்க்கி’. ஆண்ட்ராய்டில் ‘ஆன்க்கிடிராய்டு’ என்ற பெயரில் முழுக்க இலவசம், கணினியிலும் இலவசம். ஐபோனில் மட்டும் காசு. பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து இறக்குங்கள். இதே பெயரைப் போல வைத்துக்கொண்டு சந்தா கேட்கும் வேறு செயலிகளும் ப்ளே ஸ்டோரில் இருக்கின்றன.

அடுத்தவர்கள் செய்துவைத்த அட்டைகளை இறக்காதீர்கள். அட்டையின் முன்பக்கம் உங்கள் பாடநூல் வாக்கியத்தைச் சொல் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டுப் போடுங்கள், பின்பக்கம் சொல். அட்டையைச் செய்கிற நேரத்திலேயே பாதி மனதில் ஏறிவிடும்.

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் என்று பஸ்ஸில் வருபவர்களுக்கு இதற்குத் தனி நேரம் தேவையில்லை. உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் செக்கானூரணி வருவதற்குள் அன்றைய அட்டைகள் முடிந்துவிடும். அட்டைகள் போனிலேயே இருப்பதால் டேட்டாவும் செலவாகாது.

8. காதில் விழட்டும்

ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களில் உங்கள் துறைக்கு உரியதை யூடியூபில் பாருங்கள். ஐஐடி ஆசிரியர்கள் பேசும் ஆங்கிலத்தில் இந்த மஞ்சள் சொற்கள் மழையாகக் கொட்டும். பேச்சின் எழுத்து வடிவமும் தளத்திலேயே கிடைக்கும். பல பாடங்களுக்குத் தமிழிலும் உண்டு. பத்து நிமிடப் பகுதியை முதலில் கேட்டு, பிறகு வாசித்து, மறுபடியும் கேளுங்கள்.

பார்ப்பதற்கும் பெயர் பதிவதற்கும் பணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம், ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு சுற்று. வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. தேறுவதற்கு அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக வேண்டும். முதல் செமஸ்டரில் சான்றிதழுக்கு ஆசைப்படாதீர்கள். கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். என் அறைத்தோழன் ஊரிலிருந்து பணம் வரவழைத்து நகரில் ஓரிடத்தில் சேர்ந்தான். தன்னை அறிமுகம் செய்வது, கடையில் பேசுவது, நேர்காணலில் பதில் சொல்வது என்று ஓடியது வகுப்பு. கூச்சம் போனது உண்மை. பாடநூல் அப்படியேதான் இருந்தது. பேச்சுப் பயிற்சி வேண்டுமென்றால் சேருங்கள். பாடநூல் புரிவதற்காகச் சேராதீர்கள். சேருவதானாலும் ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள், கட்டியதற்கு ரசீது வாங்குங்கள்.

9. விடைத்தாளில் இறக்குவது

கல்லூரித் துறை நூலகத்தில் பழைய செமஸ்டர் வினாத்தாள்களைக் கட்டி வைத்திருப்பார்கள். மூன்று ஆண்டுத் தாள்களை நகல் எடுங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் வினைச்சொல்லை வட்டமிடுங்கள். ‘டிஃபைன்’ என்றால் இரண்டு வரி வரையறை போதும், பக்கம் பக்கமாக எழுதினாலும் கூடுதல் மதிப்பெண் வராது. ‘இலஸ்ட்ரேட்’ என்றால் எடுத்துக்காட்டோ படமோ இல்லாமல் விடை முழுமையாகாது. ‘டிஸ்கஸ்’ என்றால் ஒரு தரப்பை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. ‘ஜஸ்டிஃபை’ காரணம் கேட்கிறது. ‘இவால்யுவேட்’, ‘கிரிட்டிகலி எக்ஸாமின்’ வந்தால் நிறை, குறை சொல்லிவிட்டு உங்கள் மதிப்பீட்டையும் எழுத வேண்டும். பாடம் முழுக்கத் தெரிந்தும் ‘இவால்யுவேட்’ கேள்விக்கு வெறும் விளக்கம் எழுதிப் பாதி மதிப்பெண்ணோடு நின்ற நல்ல மாணவர்கள் எத்தனையோ பேர்.

வாரத்துக்கு ஒரு கேள்வியை எடுத்து, அந்த வாரம் படித்த சொற்களில் ஐந்தையாவது பயன்படுத்தி ஒரு பக்கம் எழுதுங்கள். துறை ஆசிரியரிடம் திருத்தித் தரக் கேளுங்கள். ‘சார், ஒரு பக்கம்தான், உங்களுக்கு நேரம் இருக்கும்போது பார்த்தால் போதும்’ என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. இன்டர்னல் தேர்வு வாரத்தில் மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் மேசையில் அப்போது விடைத்தாள் கட்டு கிடக்கும். முதல் செமஸ்டர் தேர்வு நவம்பர் வாக்கில் வரும். ஆகஸ்டில் தொடங்கினால் அதற்குள் முதல் மூன்று பகுதியும் பத்துப் பன்னிரண்டு திருத்திய பக்கங்களும் கையில் இருக்கும். மீதிப் பகுதிகளை அடுத்த செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளலாம்.